ஏடில்லாத சமயத்துக்கு எழுதப்பட்ட ஏடுகள்

கீவ் நகரை ஆண்ட விளாதிமிர் 980-இல் தன் அரண்மனைக்கு வெளியே இருந்த குன்றின்மேல் ஆறு தெய்வங்களுக்குச் சிலை எடுத்தான். அவற்றில் முதன்மையானவன் இடியின் தெய்வமான பெரூன். மரத்தால் ஆன உடல், வெள்ளித் தலை, பொன் மீசை. எட்டு ஆண்டுகள் கழித்து விளாதிமிர் பைசாந்தியத்தின் கிறிஸ்தவத்தைத் தழுவினான். அதே பெரூனைக் குதிரை வாலில் கட்டி இழுத்துவரச் செய்தான். பன்னிரண்டு ஆட்களை விட்டுக் கழிகளால் அடிக்கச் செய்து தினீப்பர் ஆற்றில் தள்ளினான். சிலை கரை ஒதுங்கினால் மறுபடி தள்ளிவிட வேண்டும், ஆற்றின் பாறைத்தொடரைத் தாண்டும்வரை விடக்கூடாது என்று ஆணையும் போட்டான். இன்னும் ஞானஸ்நானம் பெறாத மக்கள் அதைப் பார்த்து அழுதார்கள்.

இதை நமக்குச் சொல்வது 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் துறவிகள் தொகுத்த 'கடந்த ஆண்டுகளின் கதை' என்னும் வரலாற்றேடு. நிகழ்ச்சி நடந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனபின், அந்தத் தெய்வங்களைப் பிசாசுகள் என்று நம்பியவர்கள் எழுதியது. ஸ்லாவியர்களின் பழஞ்சமயம் பற்றி இன்று கையில் இருக்கும் எழுத்துச் சான்றுகள் ஏறக்குறைய எல்லாமே இப்படிப்பட்டவைதான். மேற்கே பால்டிக் கடலோரத்தில் வாழ்ந்த ஸ்லாவியர்களைப் பற்றித் தீத்மார், ஹெல்மோல்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியார்கள் எழுதினார்கள். ரூகன் தீவின் அர்க்கோனாவில் நான்கு தலையுடன் நின்ற ஸ்வாந்தோவித் தெய்வத்தையும் அதன் வெள்ளைக் குதிரையையும் டென்மார்க்கின் சாக்சோ கிராமாடிக்கஸ் விரிவாக வருணித்தார். 1168-இல் அந்தக் கோயிலை இடித்த டேனிஷ் மன்னனின் வெற்றியைப் பாடும் நூலில்தான் அந்த வருணனை இருக்கிறது. கோயிலைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதை இடித்தவர்கள் சொன்னது.

ஸ்லாவிய மொழிகளுக்கு முறையான எழுத்தே கிறிஸ்தவத்தோடு வந்ததுதான். 9-ஆம் நூற்றாண்டில் பைபிளை மொழிபெயர்க்க சிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள் எழுத்துமுறையை வகுத்தார்கள். பழஞ்சமயத்தார் தங்கள் கையால் எழுதிவைத்த ஒரு துதியோ, புராணமோ, பூசை விதியோ கிடையாது. ஸ்காண்டிநேவியர்களுக்காவது ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட எட்டா என்னும் புராணத் தொகுப்புகள் இருக்கின்றன. ஸ்லாவியர்களுக்கு எஞ்சியவை சில தெய்வப் பெயர்கள், பைசாந்தியத்தோடு செய்த உடன்படிக்கைகளில் பெரூன், வோலோஸ் (வேலெஸ்) பெயரால் எடுத்த சபதங்கள், மக்களின் பழைய வழக்கங்களைக் கண்டித்த பாதிரியார்களின் பிரசங்கங்கள், கோடையில் நெருப்பைத் தாண்டும் கூபாலா இரவு போன்ற கிராமப் பழக்கங்கள், அகழ்வாய்வில் வந்த சில கற்கள். 1848-இல் ஸ்புருச் ஆற்றிலிருந்து எடுத்த நான்முகக் கற்சிலை போலந்தின் கிராக்கோவ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவற்றுள் மிகப் புகழ்பெற்றது அதுதான். அதன் பழமையையே சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

இன்று ரஷ்யா, உக்ரைன், போலந்து, செக் நாடு, செர்பியா எங்கும் இந்தத் தெய்வங்களை வணங்கும் குழுக்கள் இருக்கின்றன. தங்கள் சமயத்தை ரொத்னொவேரியே, அதாவது சொந்த மண்ணின் நம்பிக்கை என்கிறார்கள். காட்டு வெளிகளில் மரத்தூண் செதுக்கி நிறுத்தி, தேன்மதுவும் ரொட்டியும் படைத்து, கைகோத்து வட்டமாக ஆடும் அமைதியான மனிதர்கள் அவர்களில் நிறைய. அதே இயக்கத்துக்குள் ஸ்வஸ்திகா பச்சை குத்திய இளைஞர்களும், யூதர்களே உலகின் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று நூல் எழுதியவர்களும், தேவாலயத்தில் குண்டு வைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். நல்ல சமயம் ஒன்றைக் கெட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று இதை விளக்கிவிட முடியாது. அந்தச் சமயமே வெறித்தனத்தின் மறுபெயர் என்பதும் உண்மைக்குப் புறம்பு. என் பார்வையில் விடை அந்தச் சான்றில்லாத வெற்றிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையில் இருந்ததைக் கொண்டு அதை நிரப்பியது. நிரப்பியவர்களின் கையில் இருந்தது பெரும்பாலும் தேசமும் இனமும்.

முதலில் வந்தவர்கள் மென்மையானவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசுக்குள் ஜெர்மன் மொழியின் நிழலில் வாழ்ந்தார்கள். சொந்த அரசு இல்லாதவர்களுக்குச் சொந்தப் பழமை தேவைப்பட்டது. சோரியான் தொவென்கா-ஹொதகோவ்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய ஆதாம் சார்னொட்ஸ்கி கிராமம் கிராமமாக நடந்து நாட்டுப்பாடல் சேகரித்தார். 1818-இல் வெளியிட்ட கட்டுரையில், கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு ஸ்லாவியர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு பண்பாடு இருந்தது, ஞானஸ்நானம் அதைச் சிதைத்துவிட்டது என்றார். அவரிடம் வெறுப்பு இல்லை, ஏக்கம் இருந்தது. ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கையாண்ட வாதம் அவரிடமே முழு உருவில் இருக்கிறது: நாம் வீழ்ந்தது வெளியிலிருந்து ஒரு சமயம் வந்ததால்.

ஏக்கத்துக்குச் சான்று கிடைக்காதபோது சான்று தயாரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே வடஜெர்மனியின் பிரில்விட்ஸில் பழைய ஸ்லாவிய தெய்வங்கள் என்று வெண்கலப் பொம்மைகள் வெளிவந்தன. எழுத்துப் பொறித்த போலிகள். 1817-இல் செக் அறிஞர் வாட்ஸ்லாவ் ஹாங்கா பழங்காலக் காவியச் சுவடி ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அது போலி என்பதைச் செக் மக்களே ஏற்றுக்கொள்ள எழுபது ஆண்டு ஆனது. 1886-இல் அதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர் தோமாஷ் மசாரிக். தேசத் துரோகி என்று வசை வாங்கினார். பின்னாளில் அவர்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர். 1874-இல் பெல்கிரேடில் 'ஸ்லாவியரின் வேதம்' என்ற பெயரில் ஒரு பாடல்தொகுப்பு வந்தது. பல்கேரிய முஸ்லிம் கிராமத்தாரிடமிருந்து திரட்டிய பழம்பாடல்கள் என்றார்கள். சமஸ்கிருதமும் இந்திய-ஐரோப்பிய மொழிக்குடும்பமும் ஐரோப்பாவின் பேச்சாக இருந்த காலம் அது. வேதம் என்ற சொல் ஸ்லாவியத் தேடலுக்குள் அப்போதே நுழைந்துவிட்டது.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில்தான் ஏக்கம் அரசியல் ஆனது. கோவெல் நகரில் 1905-இல் பிறந்த யான் ஸ்தாஹ்னியுக், 1937-இல் வார்சாவில் 'ஸாத்ருகா' என்ற இதழைத் தொடங்கினார். கத்தோலிக்கம் போலந்து மக்களின் படைப்பாற்றலை உறிஞ்சிவிட்டது, அவர்கள் உலகத்தை மாற்றும் துணிவை இழந்து மறுமையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். பெரூனுக்குப் படையல் போடுவதில் அவருக்கு அக்கறை இருக்கவில்லை. ஸ்லாவியப் பழஞ்சமயம் அவருக்கு ஒரு புதிய தேசிய மனிதனை வார்க்கும் அச்சு. 1944-இன் வார்சா எழுச்சியில் நாஜிகளை எதிர்த்துப் போரிட்டார். போருக்குப் பின் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு அவரைச் சிறையிட்டு மரண தண்டனை விதித்தது. பிறகு அது குறைக்கப்பட்டு 1955-இல் உடல் நொறுங்கிய மனிதராக வெளியே வந்தார். இவரை நாஜி ஆதரவாளர் என்று யாராவது எழுதினால் அது தவறு. ஆனால் தனிமனிதனைவிட இனக்கூட்டம் உயர்ந்தது, அந்தக் கூட்டத்தின் உயிர்ச்சக்திதான் புனிதம் என்ற அவருடைய சிந்தனை, அதே காலத்தில் ஜெர்மனியில் வோதான் என்ற பழந்தெய்வத்தைத் திரும்பக் கூப்பிட்ட இனவாதிகளின் சிந்தனைக்கு மிக அருகில் இருந்தது. இன்றைய போலந்துத் தீவிர வலதுசாரிகள் சிலர் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கொள்வதற்கு அவரே வழி வைத்துவிட்டுப் போனார்.

உக்ரைனில் இதைத் தொடங்கியவர் வொலொதிமிர் ஷயான். லிவிவில் 1908-இல் பிறந்தவர், சமஸ்கிருதம் படித்தவர். 1934-இல் கார்பாத்திய மலைத்தொடரின் க்ரெஹித் மலைமேல் தனக்குத் தெய்வ அனுபவம் நேர்ந்தது என்றார். வேதத்தையும் ஸ்லாவிய நாட்டுப்புற வழக்கையும் அருகருகே வைத்துப் படித்து, முன்னோர் நம்பிக்கையை மீட்க முடியும் என்று நம்பினார். போர்க்காலத்தில் சூரியக் கடவுளின் வீரர் குழு ஒன்றை அமைத்தார்; சோவியத் படையோடும் ஜெர்மானியரோடும் போரிட்டுக்கொண்டிருந்த உக்ரைனிய தேசியவாதிகளுக்கு ஆன்மிக முதுகெலும்பாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். போருக்குப் பின் லண்டனில் அகதி வாழ்க்கை. அவருடைய சீடர் லெவ் சிலென்கோ அமெரிக்காவுக்குப் போய் 1966-இல் சிகாகோவில் உக்ரைனிய தேசியச் சொந்த நம்பிக்கை என்ற தனிச் சமயத்தையே பதிவு செய்தார். குருவின் பல தெய்வங்களை விட்டுவிட்டு தாஷ்போஹ் என்ற ஒரே கடவுளைப் போதித்தார். 1979-இல் வந்த அவருடைய பெருநூலின் பெயர் 'மகா வீரா'. நம் சமண மகாவீரருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சமஸ்கிருத மகாவையும் உக்ரைனியில் நம்பிக்கையைக் குறிக்கும் வீராவையும் சேர்த்த பெயர் அது.

நாட்டை இழந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை வேலை பார்த்த அகதிகளுக்கு இந்தச் சமயம் என்ன தந்தது என்பது புரிந்துகொள்ள முடியாதது அல்ல. அவர்கள் பார்வையில் தேவாலயம் மாஸ்கோவுக்கோ ரோமுக்கோ கட்டுப்பட்டது. இது யாருக்கும் கட்டுப்படாதது. ஆனால் அதன் நுழைவாயில் பிறப்பு. உக்ரைனியருக்குப் பிறந்தவருக்கே உக்ரைனியரின் கடவுள் என்றால், தெய்வம் ரத்தத்தில் ஓடுகிறது என்றாகிறது. சமயத்துக்கும் இனவாதத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் அந்த இடத்தில் மிக மெல்லியது.

ரஷ்யப் புலம்பெயர்ந்தோரிடமிருந்து வந்தது வேறு மாதிரியான பொருள்: ஒரு வேதநூல். கதை இப்படிப் போகிறது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படையில் அதிகாரியாக இருந்த இஸென்பெக், 1919-இல் கைவிடப்பட்ட ஒரு பிரபு மாளிகையில் எழுத்துப் பொறித்த மரப்பலகைகளைக் கண்டெடுத்தார். பிரஸ்ஸல்ஸில் குடியேறியபோது யூரி மிரோல்யுபோவ் என்ற சக அகதி பல ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றைப் படியெடுத்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் 1941-இல் இஸென்பெக் இறந்தார், பலகைகள் மறைந்தன. 1950-களில் சான் பிரான்சிஸ்கோவின் ரஷ்யப் புலம்பெயர்ந்தோர் இதழ் ஒன்று அந்தப் படியை அச்சிட்டது. 'வேலெஸின் நூல்' என்று பெயர் பெற்ற அது, கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஸ்லாவியப் பூசாரிகள் 9-ஆம் நூற்றாண்டில் எழுதியதாகவும், கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஸ்லாவியரின் வரலாற்றைச் சொல்வதாகவும் அறிவிக்கப்பட்டது.

பலகைகளை மிரோல்யுபோவைத் தவிர யாரும் ஆராய்ந்ததில்லை. ஒரே ஒரு பலகையின் புகைப்படம் என்று சொல்லப்பட்டது சோவியத் ஒன்றியத்துக்கு வந்தது. மொழியியலாளர் லிதியா ஷுகோவ்ஸ்கயா அதைச் சோதித்து 1960-இல் முடிவைச் சொன்னார்: வெவ்வேறு காலங்களுக்குரிய மொழி வடிவங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன, புகைப்படமும் பலகையைப் பார்த்து எடுத்தது அல்ல, தாளில் வரைந்ததைப் பார்த்து எடுத்தது. பிறகு ஓலெக் த்வொரோகோவ் மிரோல்யுபோவின் மற்ற எழுத்துகளோடு வைத்து ஒப்பிட்டார். அந்நூலின் கருத்துகளும் அவருடைய கருத்துகளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது தெளிவானது. ஆண்ட்ரேய் ஸலிஸ்னியாக் இலக்கணம் வழியாக மீண்டும் ஒருமுறை நிறுவினார். ஸ்லாவிய மொழியியலில் இதற்கு மேல் முடிந்துபோன விவாதம் இருக்க முடியாது. ஆனாலும் இன்று ரொத்னொவேரியே குழுக்கள் உலகை பிராவ், யாவ், நாவ் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகின்றன: தெய்வ நியதி, கண்ணுக்குத் தெரியும் உலகு, இறந்தோர் உலகு. இந்த மும்மை வேறெங்கும் இல்லை, 'வேலெஸின் நூலி'ல்தான் இருக்கிறது. நூல் போலி என்று ஒப்புக்கொள்கிறவர்களும் பிராவைப் பற்றித்தான் தியானிக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது கேலி செய்ய எனக்குத் தோன்றவில்லை. வேதம் இல்லாத சமயத்துக்கு ஒரு வேதம் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அந்த நூல் ஸ்லாவியர்களை ஆரியர்களாக்கியது. ஆயிரமாண்டு வழிபாட்டை மட்டுமல்ல, ஆயிரமாண்டு இனப் பெருமையையும் சேர்த்தே கொடுத்தது.

சோவியத் ஒன்றியத்தில் இது வேர்விட்டதுதான் இந்தக் கதையில் மிக வியப்பான பகுதி. நாத்திக அரசு, எல்லா நாட்டு மக்களின் நட்பையும் கொள்கையாக அறிவித்த அரசு. அங்கே எப்படி? ஒரு வழி, படிப்பாளிகள் வழி. அகழ்வாய்வியலின் உச்சப் பதவிகளில் இருந்த போரிஸ் ரிபகோவ் 1981-இலும் 1987-இலும் ஸ்லாவியப் பழஞ்சமயம் பற்றி இரண்டு பெருநூல்கள் வெளியிட்டார். சர்ச் பிரசங்கங்களில் போகிற போக்கில் வரும் ரோத் என்ற பெயரை எடுத்து, அவனே ஸ்லாவியரின் தலைமைக் கடவுள் என்று ஒரு கோட்பாடு கட்டினார். சக ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. லெவ் கிளேய்ன் அதற்கு மறுப்பாக ஒரு தனி நூலே எழுதினார். ஆனால் ரிபகோவின் நூல்கள் பேரளவில் அச்சாகி வீடுகளுக்குப் போயின. ஒரு பேராசிரியரின் ஊகம் அடுத்த தலைமுறையில் வழிபாட்டின் மையமானது.

இன்னொரு வழி இருண்டது. 1967-இன் ஆறு நாள் போருக்குப் பின் சோவியத் அரசு இஸ்ரேலை எதிர்ப்பது என்ற பெயரில் ஒரு பெரிய பிரசாரத்தை அவிழ்த்துவிட்டது. ஸியோனிச எதிர்ப்பு நூல்கள் மலையாகக் குவிந்தன. அவற்றில் பல, யூதர்கள் உலகத்தை ஆளச் சதி செய்கிறார்கள் என்ற பழைய விஷத்தைப் புதுச் சொற்களில் ஊற்றிக் கொடுத்தன. அந்தச் சூழலில் உருவானவர் வலேரி யெமெல்யானோவ். அரபு மொழி நிபுணர், கட்சி உறுப்பினர், அரசாங்கச் சொற்பொழிவாளர். 1979-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய நூல், உலக வரலாறு முழுவதையும் ஆரியருக்கும் யூதருக்கும் நடக்கும் போராக விவரித்தது. அதன்படி ரஷ்யர்கள் வெனெதிகள் என்ற பழைய ஆரியக் குடியின் வாரிசுகள். கிறிஸ்தவம் அவர்களை அடிமைப்படுத்த யூதர்கள் பின்னிய வலை. விளாதிமிரின் ஞானஸ்நானம் அந்த வலையில் விழுந்த நாள். 'வேலெஸின் நூல்' அதில் சான்றாக நிற்கிறது.

யெமெல்யானோவின் வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், பிறகு வந்ததெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ரஷ்யாவில் யூத வெறுப்பு பழையது. ஆனால் அது சர்ச்சின் வெறுப்பு, கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற வெறுப்பு. பழந்தெய்வங்களை வணங்கும் பேகன்களின் வெறுப்பு இதைத் தலைகீழாக்கியது: கிறிஸ்துவையே நமக்குக் கொடுத்தவர்கள் யூதர்கள், ஆகவே கிறிஸ்தவமே அவர்களுடைய ஆயுதம். இந்த வடிவம் ஜெர்மனியின் இனவாதச் சிந்தனையில் முன்பே விளைந்தது. அந்தச் சிந்தனையின் வாரிசுகளான நாஜிகள் ஸ்லாவியர்களை மனிதருக்குக் கீழானவர்களாகக் கருதி, கிழக்கே அவர்களைக் கொன்று, பட்டினி போட்டு, விரட்டி இடம் பிடிக்கத் திட்டமிட்டார்கள். அந்தப் போரில் மடிந்த சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள், எதிரியின் அதே ஆரியக் கதையை எடுத்து ஜெர்மானியர் இருந்த இடத்தில் ஸ்லாவியரை வைத்துக்கொண்டார்கள். வெற்றி நாள் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் நாட்டில் இது நடந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

அலெக்ஸேய் தோப்ரவோல்ஸ்கி வாழ்க்கையில் இந்தக் கைமாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். 1938-இல் பிறந்தவர். இளம்வயதில் தேசிய சோஷலிஸ்ட் கட்சி என்ற பெயரில் குழு சேர்த்ததற்காகச் சிறை போனார். முகாமில் போரின்போது ஜெர்மானியரோடு ஒத்துழைத்தவர்களோடு பழகினார். 1968-இல் நடந்த புகழ்பெற்ற எதிர்ப்பாளர் வழக்கில் தன்னோடு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சோவியத் ஆட்சி சரிந்த நாட்களில் கீரவ் பகுதியின் வெஸென்யோவோ என்ற குக்கிராமத்துக்குப் போய்த் தோப்ரஸ்லாவ் என்ற பெயரோடு மந்திரவாதி வாழ்க்கை தொடங்கினார். நீண்ட தாடி, பூத்தையல் சட்டை, இயற்கையைக் காப்பது பற்றிய உருக்கமான துண்டறிக்கைகள், அவற்றின் நடுவிலேயே யூதர்கள் மீதான வெறுப்பு. காட்டைக் கெடுத்தது கிறிஸ்தவம், கிறிஸ்தவத்தைக் கொடுத்தது யூதர் என்று அவரிடம் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக் கிடந்தது. 2002-இல் நீதிமன்றம் வெறுப்பைத் தூண்டியதற்காக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. 2013-இல் இறந்தார்.

எட்டுக் கரம் கொண்ட சுழல் ஸ்வஸ்திகாவை, கொலோவ்ராத் என்ற பெயரில், ரஷ்யப் பேகன்களின் அடையாளமாகப் பரப்பியவர் அவர்தான். ஆதி ஸ்லாவியச் சூரியச் சின்னம் என்று இன்று டி-ஷர்ட்டிலும் மோதிரத்திலும் தொங்கட்டானிலும் விற்கிறார்கள். இன்று பரவியிருக்கும் இந்த உருவத்தை, போலந்து ஓவியர் ஸ்தானிஸ்லாவ் யாகுபோவ்ஸ்கி 1923-இல் வெளியிட்ட மரச்செதுக்கு ஓவியத் தொகுப்பில் காணலாம். ஸ்லாவியக் கட்டடக்கலை எப்படி இருந்திருக்கும் என்று அவர் கற்பனை செய்து வரைந்தவை அவை. ஹிட்லரின் ஸ்வஸ்திகாவைப் பகிரங்கமாக அணிய முடியாத இளைஞர்களுக்கு இது வசதியானது. அதே சமயம், அரசியலே தெரியாமல் குழந்தைக்கு நோய் வராதிருக்க அணிவிக்கும் தாயும் அங்கே இருக்கிறார். சின்னத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோட முடியாமல் போவதும் இந்த இயக்கத்தின் ஒரு சிக்கல்.

இந்திய வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இனி வருகிறது. பால கங்காதர திலகர் 1903-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், வேதங்களில் வரும் நீண்ட வைகறை, ஆறு மாத இரவு போன்ற குறிப்புகளைக் கொண்டு, ஆரியரின் ஆதித் தாயகம் வடதுருவம் என்று வாதிட்டது. திலகர் அதில் ஸ்லாவியருக்கு எந்தச் சிறப்பிடமும் தரவில்லை. ஆனால் துருவம் யாருடைய வடக்கு? சோவியத் காலத்தின் இந்தியவியலாளர் நத்தாலியா கூஸெவா அந்த வாதத்தை ரஷ்யாவின் வடக்கோடு இணைத்து எழுதிவந்தார். திலகரின் நூலை ரஷ்யனில் மொழிபெயர்த்து 2001-இல் வெளியிட்டார். இன்னோர் ஆய்வாளர் ஸ்வெத்லானா ஷார்னிகோவா வடக்கு ரஷ்யாவின் வோலக்தா பகுதிப் பெண்களின் பூத்தையலில் உள்ள வடிவங்களிலும் ஆற்றுப் பெயர்களிலும் வேதகால இந்தியாவைக் கண்டார். இப்படி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இந்தியப் பழமையை உயர்த்த எழுதிய ஒரு நூல், நூறாண்டு கழித்து ரஷ்யர்களே தூய ஆரியர் என்போரின் அலமாரியில் போய் உட்கார்ந்தது.

இந்தக் கற்பனைக்கு மண்ணில் ஓர் ஊரும் கிடைத்தது. 1987-இல் செல்யாபின்ஸ்க் பகுதியில் நீர்த்தேக்கம் கட்டுமுன் நிலத்தைச் சோதித்த அகழ்வாய்வாளர்கள் அர்க்காயிம் என்ற இடத்தில் வட்ட வடிவக் கோட்டை ஊர் ஒன்றைக் கண்டார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமை, இரண்டு வட்ட மதில், மதிலை ஒட்டி விசிறிபோல் அடுக்கிய வீடுகள், உலோக உலைகள். ஆரக்கால் சக்கரம் பூட்டிய தேர்களுக்கு மிகப் பழைய சான்றுகளைத் தந்த சிந்தாஷ்தா பண்பாட்டைச் சேர்ந்தது. அங்கே வாழ்ந்தோர் பிற்கால இந்தோ-ஈரானிய மொழியினரின் முன்னோராக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கென்னாதி ஸ்தனோவிச் தலைமையிலான குழு ஊரை நீரில் மூழ்காமல் காக்கப் போராடியது. அந்தப் போராட்டத்தில் ஆரிய நகரம், ஸ்வஸ்திகா வடிவ நகரம் என்ற பேச்சு பத்திரிகைகளில் வளர்ந்து உதவவும் செய்தது. நீர்த்தேக்கம் கைவிடப்பட்டது, அர்க்காயிம் பிழைத்தது, பேச்சும் பிழைத்தது. இன்று கோடையில் குன்றேறிச் சூரியனை வணங்கப் பல வகையான யாத்ரிகர்கள் வருகிறார்கள். ஸ்லாவியர்கள் என்ற பெயர் எழுத்துச் சான்றில் முதன்முதலில் தோன்றுவது கி.பி. 6-ஆம் நூற்றாண்டில். அர்க்காயிமுக்கும் அதற்கும் இடையே 2,000 ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. அந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறார்கள்.

1990-களில் சோவியத் ஒன்றியம் உடைந்து சம்பளமும் சேமிப்பும் கௌரவமும் ஒரே நேரத்தில் போனபோது இவை எல்லாம் கலந்தன. லெனின்கிராடில் விக்டர் பெஸ்வெர்ஹி வெனெதிகளின் சங்கம் நடத்தினார். ஓம்ஸ்கில் அலெக்ஸாந்தர் ஹினேவிச், விண்மீன்களிலிருந்து வந்த வெள்ளை இனத்தைப் பற்றி 'ஸ்லாவிய-ஆரிய வேதங்கள்' அச்சிட்டார். 2004-இல் நீதிமன்றம் அவருடைய அமைப்புகளைக் கலைத்தது. ஸ்லாவியப் போர்க்கலை என்று புதிதாக வகுத்த மல்யுத்தப் பள்ளிகள், கடும் உலோக இசைக்குழுக்கள், மொட்டைத்தலை இளைஞர் கும்பல்கள் வழியாகப் பெரூன் தெருவுக்கு வந்தான். 2008-இல் மாஸ்கோவின் பிரியுல்யோவோ பகுதித் தேவாலயத்தில் குண்டு வெடித்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள் இந்தப் பேகன் தேசியவாதத்தில் ஊறிய இளைஞர்கள்.

வெளிவட்டத்திலும் இதன் சாயல் விழுந்தது. யூத சமயத்தைத் தழுவிய ஆட்சியாளர்களைக் கொண்ட கஸாரியாவை 10-ஆம் நூற்றாண்டில் வென்ற கீவ் மன்னன் ஸ்வியதஸ்லாவ் இந்தப் பேகன்களுக்குப் பெரிய வீரன். 2005-இல் பெல்கோரத் பகுதியில் சிற்பி கிளிகோவ் அவனுக்குச் சிலை செய்தபோது, குதிரையின் காலடியில் கிடக்கும் கஸாரியனின் கேடயத்தில் தாவீதின் நட்சத்திரம் இருப்பதாகச் செய்தி வந்தது. யூத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. திறந்தபோது கேடயத்தில் பன்னிரு முனை நட்சத்திரம் இருந்தது.

2014-இல் கிழக்கு உக்ரைனின் தோன்பாஸில் போர் தொடங்கியது. ரஷ்யாவின் பக்கம் போரிட்ட ருஸீச் என்ற நவநாஜிக் குழு கொலோவ்ராத்தை அணிந்தது. தோனெத்ஸ்கில் ஸ்வரோஷிச் என்ற தெய்வப் பெயரோடு ஒரு பேகன் படைப்பிரிவே இருந்தது. எதிர்ப்பக்கம், உக்ரைனின் அஸோவ் படையின் தொடக்ககாலத் தீவிர தேசியவாதிகளிடையிலும் பழந்தெய்வ வழிபாட்டாளர்கள் இருந்தார்கள். ஷயான், சிலென்கோ வழிவந்த சமயத்தாருக்கு ரஷ்யாதான் எதிரி. ஒரே பெரூனிடம் இரண்டு தரப்பும் வெற்றி கேட்டார்கள். ஸ்லாவியர் அனைவரும் ஒரே ஆதிக் குடும்பம் என்று தொடங்கிய ஹொதகோவ்ஸ்கியின் ஏக்கம் இங்கே வந்து நிற்கிறது.

இயக்கத்துக்குள்ளேயே இதை எதிர்த்தவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் நேர்மையாக இராது. 2002 மார்ச்சில் மாஸ்கோவின் பித்ஸா பூங்காவில் கூடிய சில குழுக்கள், இன வெறி பேகன் நம்பிக்கைக்கு உரியதல்ல என்று பகிரங்க அறைகூவல் வெளியிட்டன. அதிலிருந்து பேகன் மரபு வட்டம் என்ற அமைப்பு பிறந்தது. அவர்களுக்குத் தெய்வம் ரத்தத்தில் இல்லை, நிலத்திலும் ஆற்றிலும் இருக்கிறது. 2009-இல் இந்த வட்டமும், கலூகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, தேசிய உணர்வு மிகுந்த ஸ்லாவியச் சமூகங்களின் ஒன்றியமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. போலி வரலாற்றைப் பரப்புவோர் என்று ஹினேவிச், 'வேலெஸின் நூலை'ப் பரப்பிய அலெக்ஸாந்தர் அஸோவ் உள்ளிட்ட பலரைப் பெயர் சொல்லியே கண்டித்தது அது. எதிரெதிர் அரசியல் கொண்டவர்கள் சேர்ந்து, தங்கள் நம்பிக்கையைப் பொய்யிலிருந்து பிரித்துக் காட்ட எடுத்த முயற்சி. அதன் துணிவை நான் மதிக்கிறேன்.

ஃபின்லாந்து ஆய்வாளர் காரினா ஐதமுர்தோ பல ஆண்டுகள் ரஷ்யக் குழுக்களோடு பழகி 2016-இல் எழுதிய நூலில், 1990-களின் அரசியல் வெறி தணிந்து, குடும்பம், இயற்கை, சடங்கு என்று பலர் நகர்ந்துவிட்டதைப் பதிவு செய்தார். விக்டர் ஷ்னிரெல்மான் போன்ற ரஷ்ய ஆய்வாளர்கள், ஆரியக் கதை அவ்வளவு எளிதில் கரைந்துவிடாது என்று எச்சரித்தபடி இருந்தார்கள். 2022-இல் முழுப்போர் வந்தது. ருஸீச் மீண்டும் களத்துக்குப் போனது. பித்ஸா அறைகூவலில் கையெழுத்திட்டவர்களின் வட்டத்திலிருந்து போர்முனைக்கு அழைக்கப்பட்ட இளைஞன், அங்கே கொலோவ்ராத் அணிந்து நிற்கும் இன்னொருவனைச் சந்தித்தால் இருவரும் ஒரே தெய்வத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பதைப் பிரித்துக் காட்ட அவர்களிடம் பழைய நூல் எதுவும் இல்லை. அதனால்தான் அந்தப் பெயரின் பொருள் பற்றிய வழக்கு இன்னும் ஆய்வாளர்களின் மேசையில் முடியாமல், ஒவ்வொரு குழுவின் நெருப்பைச் சுற்றியும் நடந்துகொண்டிருக்கிறது.